பாறையில் தொங்கிய கொக்கிகள்

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு சாமானைக் கையோடு எடுத்துப் போகத் தெரியாது. மோட்டார் சைக்கிளை அடுத்தவன் கடை வாசலில் போட்டுவிட்டு எங்கேயோ போய்விடுகிறார்கள். சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி எங்கள் தோட்டத்துச் சாக்கடை வரைக்கும் வந்து கிடக்கிறது. கல்யாண மண்டபத்தில் பிளாஸ்டிக் டப்பாவை மறந்துவிட்டு, அடுத்த கல்யாணம் வரைக்கும் சும்மா இருந்துவிட்டு, அப்புறம் என் டப்பா எங்கே என்று போன் அடிக்கிறார்கள். உன்னோடது என்றால் அது உன் கையில் இருக்க வேண்டியதுதானே. கையில் இல்லாததை உன்னோடது என்று நான் எப்படி நம்புவது?

வாழ்நாள் முழுக்க இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் என் எண்ணம் பெரிதாக மாறவில்லை. ஆனால் இதை நாலு பேர் முன்னால் சத்தமாகச் சொல்கிற யோக்கியதை எனக்குப் போய்விட்டது. ஏன் போனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

கோலா கெட்டிலிலிருந்து பாலிங் போகும் சாலையில் உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். கித்தா, அதாவது ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை வைத்து ரொம்ப காலம் ஆகிறது. வரிசை வீடுகளாக இருந்த லயத்தை இடித்து ஆளுக்கொரு சின்ன வீடு கொடுத்தார்கள். என் பெண்சாதி போன பிறகு நானும் சில ஆடுகளும்தான் அந்த வீட்டில். வீட்டுக்குப் பின்னால் செம்பனை முடிகிற இடத்தில் ஒரு சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்கிறது. வௌவால் கல் என்போம். அதன் அடியில் முனியாண்டி கோயில். கூட்டுவது, விளக்கு வைப்பது எல்லாம் நான்தான்.

அந்தப் பாறையில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வந்து ஏறுவார்கள். சீனப் பையன்கள், மலாய்க்காரப் பையன்கள், நம் ஆட்கள் ரெண்டு மூன்று பேர். இடுப்பில் பட்டை, பட்டையில் கயிறு, பிடி வழுக்காமலிருக்கக் கையில் மாவு. பாறையில் ஏற்கெனவே யாரோ இரும்பு வளையங்களை வரிசையாக அடித்து வைத்திருக்கிறார்கள். ஏறுகிறவன் ஒவ்வொரு வளையத்திலும் ஒரு கொக்கியை மாட்டி, அதில் கயிற்றைப் போட்டுக்கொண்டே மேலே போவான். கொக்கி என்றால் ஒன்றில்லை; ஒரு சாண் வாரின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. மேலே தேன்கூடு இருக்கிறதா, இல்லை. பறவைக்கூடு இருக்கிறதா, அதுவும் இல்லை. உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கி வருவார்கள். இதற்கு அலோர்ஸ்டாரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வண்டிக்கு எண்ணெய் செலவழித்துக்கொண்டு வருகிறார்கள்.

நான் சிரிக்க முடியாதபடிக்கு அந்தக் கூட்டத்தில் என் மருமகளும் இருந்தாள். வாசுகி. என் மகன் அழகேசன் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறான், எப்போதாவதுதான் வருவான். அவள் பாக்கார் ஆராங்கில் வீடு வைத்துக்கொண்டு சுங்கைப்பட்டாணி ஃபேக்டரி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் காடியை ஓட்டிக்கொண்டு வந்து எனக்குச் சமைத்து, துணி துவைத்துப் போட்டு, மறுநாள் காலையில் பாறைக்குப் போவாள். கல்யாணம் ஆன பெண் பாறையில் தொங்குவதாவது என்று மகனிடம் சொல்லிப் பார்த்தேன். என்னைவிட அவள் தைரியசாலி, விடுங்கப்பா என்றான். பாடாங் செராயில் இருக்கும் அவள் அப்பா பரஞ்சோதியிடமும் சொன்னேன். அவர் பாதி சிரித்து, பாதி கவலைப்பட்டு, "சம்மந்தி, இனி அவ உங்க வீட்டுப் பொண்ணு, நீங்க பாத்துக்குங்க லா" என்றார். அந்தப் பேச்சு இப்போது நெஞ்சில் குத்துகிறது.

ஒரு நாள் அவள் பாறையிலிருந்து ஒரு கொக்கியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆட்டுக் கயிற்றுக்கு ஆகும், வைத்துக்கொள்ளுங்கள் மாமா என்றாள். யாருடையது என்று கேட்டேன். நான் அப்படித்தான், யார் எதைக் கொடுத்தாலும் முதலில் அதைத்தான் கேட்பேன்.

"யாரோ பாதி வழிக்கு மேல ஏற முடியாம, இத ஒன்ன மட்டும் மாட்டிட்டு, அதுல கயித்தப் போட்டு எறங்கிப் போயிட்டாங்க மாமா. திரும்பி வந்து கேக்க மாட்டாங்க. அப்பிடி விட்டுட்டுப் போனது, எடுத்தவங்களுக்குத்தான்."

அதற்கப்புறமும் அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குள் ஆடு வெண்டைச் செடியில் வாய் வைத்துவிட்டது, நான் ஓடினேன். பாறையில் விட்டது எடுத்தவனுக்கு. அந்த அரைப் பேச்சுதான் என் மண்டையில் நின்றது.

இனி நிமலைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பையன், கூலிமில் இன்ஜினியர். எங்கள் காலத்தில் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி அவர்கள் ஆள்தான். நாங்கள் கித்தாப் பால் வாளியைத் தராசில் தூக்கி வைத்தால் அவர் வாயில் வருவது ஒன்று, எழுதுவது ஒன்று. அந்தக் கிராணி செத்து மண்ணாகிப் போன பிறகும் அந்தக் கோபத்தை நான் பத்திரமாக வைத்திருந்தேன். இந்தப் பையன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் காடியை நிறுத்தி அங்கிள் என்று கூப்பிடுவான். எதற்குக் கூப்பிடுகிறான், என்ன வேண்டுமாம் இவனுக்கு என்றுதான் பார்ப்பேன்.

கோயிலைத் தாண்டி ஒரு திருப்பம். அங்கே பாறை குடைபோல வெளியே வளைந்து நிற்கும். அந்த இடத்தில்தான் நிமல் மாதக்கணக்காக ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தான். வயலட் நிற வாரில் கொக்கிகளைக் கீழேயிருந்து மேல்வரைக்கும் வரிசையாக மாட்டிவிட்டு, கழற்றாமலே வீட்டுக்குப் போய்விடுவான். அடுத்த ஞாயிறு வருவான், விழுவான், போவான். மழைக்காலம் வந்தது, கொக்கிகள் அங்கேயே நனைந்துகொண்டு தொங்கின. முதல் வளையத்தில் ஒரு சிவப்புத் துணியும் கட்டியிருந்தான். அவன் அதைக் கட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். முனியாண்டி முன்னால் கும்பிட்டு, நெற்றியில் விபூதி பூசி, நேராகப் போய்க் கட்டினான். நான் வேறு என்ன நினைப்பேன்? நேர்த்திக்கடன். ஏறி முடிக்க வேண்டும் என்று சாமிக்கு வேண்டிக்கொண்டு, துணி கட்டி, கொக்கிகளைக் காணிக்கையாக விட்டிருக்கிறான் என்று நினைத்தேன். கோயிலில் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள், நோய் தீர மணி கட்டுகிறார்கள், இவன் கொக்கி கட்டியிருக்கிறான். அப்படித்தான் பட்டது.

சாமிக்கு விட்ட சாமான் கோயிலுக்குச் சேர்ந்தது. விட்ட சேவலை ஏலம் போடுகிறோம், சாத்திய வேட்டியைப் பூசாரிக்குக் கொடுக்கிறோம். இதில் திருட்டு இல்லை, யாரும் அப்படிச் சொன்னதும் இல்லை.

ஆடி மாதத் திருவிழா வெள்ளிக்கிழமை. சமையல் கொட்டகைக்குத் தார்ப்பாய் கட்ட வேண்டும். போன வருசம் முடிச்சு அவிழ்ந்து சாம்பார் அண்டாவில் மழைத்தண்ணீர் கொட்டியது. கோயில் தலைவர் புவனேஸ்வரன் அதை வருசம் முழுக்கச் சொல்லிக் காட்டினார். எனக்கு அந்த வயலட் வார்கள் ஞாபகம் வந்தன. திருவிழாவுக்கு முந்தின நாள் கற்பூரம் கொளுத்தி, சாமி, உன் சாமானை உன் வேலைக்கே எடுக்கிறேன் என்று கேட்டேன். பல்லி சத்தம் போட்டது. உத்தரவு என்று எடுத்துக்கொண்டேன்.

கோயில் ஏணியைப் போட்டுக் கீழே இருந்த இரண்டைக் கையாலேயே கழற்றினேன். மூன்றாவது எட்டவில்லை. செம்பனைக் குலை வெட்டுகிற, நுனியில் அரிவாள் பூட்டிய அலுமினியக் கம்பைக் கொண்டுவந்து நீட்டினேன். அரிவாள் வாருக்குப் பின்னால் போய் மாட்டியது. இழுத்தேன், வரவில்லை. இன்னும் ஒரு தரம் தொங்கி இழுத்தேன். கண்ணில் மண் விழுந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது. போதும், மிச்சத்தைச் சாமி தரமாட்டேன் என்கிறார் என்று கம்பை மடக்கிவிட்டேன். கீழேயிருந்து பார்க்க அது முன்னைப்போலவேதான் தொங்கியது.

இரண்டு கொக்கியும் தார்ப்பாயை ஜம்மென்று பிடித்தன. சாம்பாரில் ஒரு சொட்டு விழவில்லை. புவனேஸ்வரன் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. சனிக்கிழமை தார்ப்பாயை அவிழ்த்து, கொக்கிகளையும் சுருட்டிக் கோயில் அறையில் போட்டேன். வெள்ளிக்கிழமை வேலை இருந்ததால் வாசுகி திருவிழாவுக்கு வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம்தான் வந்தாள். கொக்கியைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆடுகளுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். பாறைப் பக்கம் கயிறு சரசரவென்று ஓடுகிற சத்தமும், அதற்கப்புறம் வாசுகியின் குரலும் கேட்டன. அவள் கத்தவில்லை. அம்மா என்று ஒரே ஒரு தரம், மெதுவாக. அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினேன். பாறையடியில் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு பாதம் பார்க்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

நடந்ததைப் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். கீழ்க் கொக்கி இரண்டும் காணவில்லை என்றதும் எவனோ திருடிவிட்டான் என்று சலித்துக்கொண்டு நிமல் வேறு இரண்டைக் கொடுத்தானாம். அன்றைக்கு அவன் வாசுகியையும் அந்த வழியில் ஏறிப் பார்க்கச் சொல்லியிருக்கிறான். அவள் மூன்றாவது கொக்கியில் கயிற்றைப் போட்டு, இளைப்பாற அதில் பாரம் போட்டுத் தொங்கினாள். வார் அறுந்தது. கீழ்க் கொக்கி அவளைப் பிடித்துவிட்டது, உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பிடிக்கும் முன்னால் கால் பாறை விளிம்பில் மோதிவிட்டது.

ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் நிமல் உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து அறுந்த வாரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மழையிலும் வெயிலிலும் விட்டது நான்தான், போன மாதமே மாற்றியிருக்க வேண்டும், பின்பக்கம் பாறை உரசுவதைக் கவனிக்கவில்லை என்றான். "பிழை என்னோடது, அங்கிள்."

நான் வாரைப் பார்த்தேன். பாதி அகலம் நார் நாராகக் கிழிந்திருந்தது. மீதிப் பாதி நேர்கோடு. செம்பனைக் குலைக் காம்பை அரிவாளால் இழுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஆயுசு பூராவும் பார்த்த வெட்டு. அவனுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் பரஞ்சோதி வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் நிமலைப் பிடித்துக்கொண்டார். படித்தவன்தானே நீ, மக்கிப்போன வாரைத் தொங்கவிட்டு என் பிள்ளையை ஏறச் சொல்வாயா என்று கேட்டார். அவன் எழுந்து நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். பரஞ்சோதி என் பக்கம் திரும்பினார்.

"சம்மந்தி, நீங்க சொல்லுங்க. பக்கத்துலயே இருக்கீங்க. இவன் சாமான் அங்க எவ்ளோ நாளா தொங்குது?"

"ரொம்ப மாசமா தொங்குது" என்றேன். அது உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே, "மழையில நனஞ்சிக்கிட்டே கெடந்துச்சு" என்றும் சொன்னேன்.

நிமல் தலையைக் குனிந்துகொண்டான். ஆமாம் அங்கிள், சரிதான் என்றான். நான் சொன்னதற்கு அவன் சாட்சி சொன்னான். அந்த இடத்தில் நான் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. வாசலில் போய் வெற்றிலை போட்டேன்.

வாசுகியை ஆஸ்பத்திரியிலிருந்து பாடாங் செராய்க்கு அழைத்துப் போய்விட்டார்கள். அந்த வாரம் முழுக்க நான் கோயில் அறையைத் திறக்கவில்லை. வெளியிலேயே நின்று விளக்கு வைத்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை பஸ் பிடித்து அவளைப் பார்க்கப் போனேன். பரஞ்சோதி என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பலகாரம் வாங்கி வருகிறேன் என்று பாசாருக்குக் கிளம்பினார். கூடத்தில் நானும் அவளும்தான். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தாள். சாப்பிட்டீர்களா, ஆடு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அப்புறம் கைப்பேசியை எடுத்து என் கையில் வைத்தாள்.

புவனேஸ்வரன் அனுப்பிய திருவிழாப் படம். சமையல் கொட்டகை, அண்டா, கரண்டியோடு பெண்கள். அவள் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பெண்கள் போனார்கள், அண்டா போனது, தார்ப்பாய் மூலையில் வயலட் வார் வந்து நின்றது.

"மஞ்சள் டேப் சுத்தியிருக்கு பாருங்க மாமா. அது நிமலோட அடையாளம். அவங்கவங்க சாமானுக்கு அவங்கவங்க கலர் ஒட்டுவோம்."

சாமிக்கு விட்டது என்று நினைத்தேன் என்றேன். துணி கட்டியிருந்ததே என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தச் சிவப்புத் துணிக்கு, நான் இன்னும் இந்த வழியில் ஏறிக்கொண்டிருக்கிறேன், கேட்காமல் யாரும் ஏறாதீர்கள் என்று அர்த்தமாம். தொங்குகிற கொக்கியில் கயிறு போட்டுக்கொள்ளலாம், கழற்றக் கூடாதாம். ஒற்றையாகப் பாதியில் விட்டுப்போனதைத்தான் எடுக்கலாமாம். அன்றைக்கு ஆட்டுக் கொக்கி கொடுத்தபோதே இதையெல்லாம் சொன்னேனே என்றாள். சொல்லியிருப்பாள். நான் வெண்டைச் செடியைப் பார்த்து ஓடினவன்.

"மூணாவது?" என்றாள்.

"கம்பு போட்டு இழுத்தேன். வரல."

அவள் கட்டுப் போட்ட காலையே பார்த்தாள். திட்டினால் தேவலாம்போல இருந்தது. திட்டவில்லை.

"அப்பாவுக்குத் தெரியாது. நான் சொல்லல, சொல்லவும் மாட்டேன். தெரிஞ்சா உங்க வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டாரு. ஆனா நிமலை குரூப்ல இருந்தே தூக்கிட்டாங்க மாமா. அவரோட கயிறு பிடிக்க யாரும் வரமாட்டாங்களாம். நாளைக்கு எல்லாத்தையும் கழட்டிட்டுப் போகப் போறாரு, இனிமே ஏறப்போறதில்லன்னு மெசேஜ் போட்டிருக்காரு."

வாசலில் மோட்டார் சத்தம் கேட்டது. அவள் கைப்பேசியை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். பரஞ்சோதி தட்டில் வடையும் வாழைப்பழப் பலகாரமும் எடுத்து வைத்து, எது பெரியதோ அதை என் பக்கம் திருப்பினார். சாப்பிடுங்க சம்மந்தி, இளைச்சுப் போயிட்டீங்க என்றார். பிறகு நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"திங்கக்கெழம போலீஸ்ல ரிப்போர்ட் பண்றேன். நீங்க கூட வாங்க. எத்தன மாசமா தொங்குச்சுன்னு நீங்க சொன்னாத்தான் நிக்கும். நீங்கதான் சாட்சி."

வாசுகி என்னைப் பார்த்தாள். நான் வடையைப் பிட்டு வாயில் வைத்தேன். தேத்தண்ணி ஊற்றி இறக்கினேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. நிமல் தனியாகத்தான் வந்திருந்தான். பின்பக்கமாக ஏறி உச்சிக்குப் போய், அங்கிருந்து கயிற்றில் இறங்கிக்கொண்டே ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றினான். வேறு யாரும் பாறைப் பக்கம் இல்லை. நான் கோயில் அறையைத் திறந்து அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு கீழே போய் நின்றேன். ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. அவன் தரைக்கு வந்து, என் கையைப் பார்த்தான்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், இதை எடுத்தது நான், மூன்றாவதை அரிவாளால் இழுத்தது நான், ஆஸ்பத்திரியிலேயே எனக்குத் தெரியும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் நினைத்தேன். அந்தச் சொல் வரவில்லை, வழக்கமில்லை.

அவன் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டான். அந்த அறுந்த வார் இன்னும் அவன் பையிலேயே இருந்தது. எடுத்து நேராக வெட்டுப்பட்ட பக்கத்தைக் கட்டை விரலால் தடவினான். தடவிக்கொண்டே இருந்தான்.

"நான் ராத்திரி நித்திரை கொள்ளேல்ல அங்கிள். ஒரு கிழமையா" என்றான். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை.

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இவன் அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தவன் நான். கைப்பேசியை எடுத்துப் பரஞ்சோதிக்கு அடித்தேன். அப்படிச் செய்யுங்கள் என்று நிமல் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவனுக்கு எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். ரிப்போர்ட் பண்ணுவதென்றால் என் பேரில் பண்ணுங்கள் சம்மந்தி என்றேன். அந்தப் பக்கம் டிவி சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"என் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியும். நேத்துதான்."

"அப்ப நேத்து எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் என் வீட்ல உக்காந்து தின்னுட்டுப் போனீங்க."

ஆமாம் என்றேன். வைத்துவிட்டார்.

நான் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் என் புத்தி அப்படிப்பட்டதில்லை. கொக்கிகளை நிமல் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"எழுதித் தொங்க விட்டிருக்கலாமே தம்பி."

"சிவப்புத் துணி கட்டினனே, அங்கிள். எங்கட ஆக்கள் எல்லாருக்கும் தெரியும்."

"முனியாண்டிய கும்பிட்ட கையோட செவப்புத் துணி கட்டினா, மத்தவன் அது யாருக்குன்னு நெனைப்பான்?"

அவன் துணியை நிமிர்ந்து பார்த்தான், கோயிலைத் திரும்பிப் பார்த்தான். அதை நான் யோசிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டான். எனக்கு ஒரு நிமிசம் தெம்பு வந்தது. அடுத்து அவன் கேட்டான்: நீங்கள் கித்தா மரத்தில் பால் வெட்டின காலத்தில், இன்னொருத்தர் மரத்தில் மாட்டிய மங்குக் கிண்ணம் நிறையப் பால் இருந்தால் எடுப்பீர்களா?

"தொட மாட்டோம். அது வேற."

"என்ன வேற, அங்கிள்?"

"ஆளு அங்கயே இருப்பான்."

மரத்தை வெட்டிவிட்டு நாங்கள் பசியாறப் போய்விடுவோம். பால் தானாகச் சொட்டி நிறைந்துகொண்டிருக்கும். காட்டில் ஈ காக்கை இருக்காது. இருந்தும் ஒருத்தன் மங்கை இன்னொருத்தன் தொட்டதில்லை. தொட்டவன் லயத்தில் தலை நிமிர்ந்து நடந்ததில்லை. இது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

நடந்ததை எல்லோருக்கும் எழுதிப் போடலாமா, உங்கள் பேரைச் சொல்லாமல் என்று கேட்டான். பேரைச் சொல்லியே போடு, பிச்சை என்று போடு, பாறைக்குப் பக்கத்தில் ஆடு வளர்க்கிற கிழவன் என்று போடு என்றேன். வாசுகி எழுந்து நடந்த பிறகு புது வார் மாட்டி மறுபடியும் தொடங்குவேன் என்றான். அப்போதும் கொக்கிகள் தொங்கும், யாரும் கழற்றாமல் கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா அங்கிள் என்றான். என்னிடம். இத்தனைக்கும் பிறகு என்னிடம் கேட்கிறான்.

"தெனமும் கழட்டிக் கையோட எடுத்துட்டுப் போ. அதுதான் நல்லது" என்றேன்.

கழற்றினால் அடுத்த தடவை முதலிலிருந்து மாட்டிக்கொண்டு போக வேண்டும், கஷ்டமான இடத்துக்குப் போகும்போது தெம்பு மிச்சம் இருக்காது, அதனால்தான் உலகம் பூராவும் இந்த வழக்கம் என்று பொறுமையாகச் சொன்னான். நல்ல பையன். கிராணி வேறு, இவன் வேறு என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது, அதற்கு ஒரு பெண்ணின் கால் உடைய வேண்டியிருந்தது. திரும்பி நடந்தேன்.

செம்பனைக்குள் குனிந்துகொண்டே போனேன். இந்த விஷயமாக மகன் இன்னும் கூப்பிடவில்லை, பரஞ்சோதி சொல்லியிருப்பார், இனி கூப்பிடுவான். அவனிடம் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. வாசுகியின் கால் என்னால் உடைந்தது, இந்தப் பையன் ஒரு வாரம் தூங்காதது என்னால். அதை யார் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாதக்கணக்கில் மழையில் தொங்குகிற சாமான், பக்கத்தில் ஆள் இல்லாத சாமான், அதற்குச் சொந்தக்காரன் கூலிமில் இருக்கிறான் என்று நான் நம்பிக்கொண்டு போக வேண்டுமாம். உலகம் பூராவும் வழக்கமாம். இருக்கட்டும். உலகம் பூராவும் ஏறட்டும். பின்னால் அவன் அங்கிள் என்று கூப்பிட்டான். நான் நிற்கவில்லை.